பதில் வராத அறுநூறு கார்டு

வராத கார்டையெல்லாம் ‘திருப்தி’ என்று எழுதச் சொன்ன அதிகாரியே, உம்மைத்தான் கேட்கிறேன்!

குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஆயிரம் வீட்டுக்குத் தபால் கார்டு அனுப்பினீர். அறுநூறு திரும்பவில்லை. “குறை இருந்தா எழுதியிருப்பாங்க. திருப்தின்னு போடும்மா” என்றீர். தபால் பிரிக்கும் பவுனம்மாவுக்குச் சுருக்கென்றது. குழாய் வறண்டுகிடக்கும் அவள் தெருவில் ஒருவரும் எழுதவில்லை.

கார்டுகளை வந்த தேதிப்படி அடுக்கினாள். “ஐயா, முதல் வாரம் வந்ததெல்லாம் திருப்தி. ஞாபகப்படுத்தின பிறகு வந்ததுல பாதி திட்டு. கடைசியா வந்தது முழுக்கத் திட்டு. பதில் எழுதாதவங்க தண்ணி லாரி வரிசையில நிக்கிறாங்க.”

“அதெல்லாம் ஊகம்! பதில் வரலைன்னா சம்மதம்தான்.”

“சரிங்கய்யா. லாரித் தண்ணி பிடிக்க லீவு கேட்டேன். மூணு வாரமா நீங்க பதிலே போடல. அப்ப நான் கிளம்புறேன்.”

“யாரைக் கேட்டுக் கிளம்புறே?” என்று துள்ளினீர். ஆபீசே சிரித்தது.

துள்ளியது போதுமய்யா! அந்த அறுநூறு கதவையும் நீரே போய்த் தட்டும். குழாயில் தண்ணீரை விடும்!