நண்டக்கா போட்ட பாசிக்கயிறு

தீவுக்கும் கரைக்கும் நடுவே, ஆழம் குறைந்த கடலில், செங்காலி என்ற நண்டும் வளையன் என்ற கடல்குதிரையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள்.

வளையன் அப்போது வாயும் வயிறுமாக இருந்தான். சிரிக்காதீர்கள்! கடல்குதிரை வீட்டில் அப்பாதான் பிள்ளை சுமப்பார். வயிற்றுப் பை நிறையக் குஞ்சுகள். பாவம், நேராக நீந்தக்கூட அவனால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்தா புயல் வரவேண்டும்? அடித்த அடியில் பாசியெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கடல்தரை மொட்டையாகக் கிடந்தது.

"அக்கா, குஞ்சு பிறந்ததும் வாலைச் சுத்திக்க ஒரு பாசியாவது வேணுமே! இல்லேன்னா நீரோட்டம் அள்ளிக்கிட்டுப் போயிடும். ஒண்ணுகூட மிஞ்சாது!" என்று வளையன் கலங்கினான்.

"நான் எதுக்கு இருக்கேன்? உன் பிள்ளைங்களுக்குப் பாசித் தோட்டமே போட்டுத் தர்றேன். நீ அசையாம இரு!" என்றாள் செங்காலி.

மனிதர்கள் பாசி வளர்ப்பதை அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். கிழிந்த வலையிலிருந்து நீளமாக ஒரு கயிற்றை அறுத்து வந்தாள். இரண்டு முனையிலும் கல்லைக் கட்டினாள். பாசிக்கு வெயில் பட வேண்டுமே! அதனால் உடைந்த தக்கைகளைப் பொறுக்கி, நடுவில் மிதவையாகக் கோத்தாள்.

பவளப் பாறைக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கஞ்சிப்பாசி தப்பியிருந்தது. அதை ஒடித்து, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டத் தொடங்கினாள்.

"அக்கா, நானும் நாலு முடிச்சுப் போடட்டுமா?"

"பேசாம கிடடா! வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு வேலை செய்யிறாராம், வேலை!"

திட்டினாலும் பாசம்தான். புயலில் பாசி போனதை அவள் கண்ணால் பார்த்தவள். இந்த முறை ஒரு துண்டும் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு முடிச்சையும் கொடுக்கால் இழுத்து இறுக்கினாள். கயிற்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டினாள். நண்டுக்குத் தெரிந்தது ஒரே பிடிதான். கவ்வினால் கவ்வியதுதான்!

சில நாள் போயிற்று. ஒரு காலையில் வந்து பார்த்தால், பாதிப் பாசியைக் காணோம். கடல் ஏறியபோது மிதவை மேலே இழுக்க, விறைத்த கயிறு கல்லையும் புரட்டிப் போட்டிருந்தது. பக்கத்தில் பாசி தின்னும் ஓரா மீன் ஒன்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி! பிள்ளைத்தாச்சி வீட்டுச் சொத்துல வாய் வைக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"தின்னேன் அக்கா, இல்லேங்கல. புயலுக்கு அப்புறம் நானும் பட்டினிதான். ஆனா மிதந்து வந்ததைத்தான் தின்னேன். கயித்தைத் தொடவே இல்லை!" என்றது ஓரா. வாயிலிருந்த துண்டைக் கீழே போட்டது. "நீயே பாரு. எங்க அறுந்திருக்கு? முடிச்சு போட்ட இடத்துல! நசுங்கி, வெளுத்து, அழுகிப் போயிருக்கு."

"திருட்டுப் பயலுக்கு வியாக்கியானம் வேறயா? போடா!"

செங்காலி கேட்கவே இல்லை. மிச்சத்தை இன்னும் இறுக்கினாள். அடுத்த நாள் அதிலும் பாதி போயிற்று. ஒரு கைப்பிடிதான் மீதி.

இப்போது அவளே குனிந்து, அறுந்த இடங்களைப் பார்த்தாள். பல் பட்ட தடமே இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, நான்தான்டா கெடுத்தேன்! என் கையாலேயே நெரிச்சுட்டேன்!" என்று அழுதாள்.

வளையன் வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தான்.

"அழாத அக்கா. என் வாலைப் பாரு. நான் எதையாவது இறுக்கிப் பிடிக்கிறேனா? சும்மா சுத்தி வெச்சுக்கறேன். அலை வந்தா கூடச் சேர்ந்து ஆடறேன். இந்தா, என் வாலையும் சேர்த்து வெச்சு முடிச்சுப் போடு. அப்புறம் வாலை உருவிக்கறேன். அந்த இடம் போதும், பாசி வளர."

"உனக்கு வலிக்குமேடா!"

"வலிச்சா சொல்றேன். என் பிள்ளைங்களுக்கு நானும் ஏதாவது செய்யணும்ல?"

மீதியிருந்த ஒரு கைப்பிடிப் பாசியை எடுத்தார்கள். வளையன் வாலை வைத்தான், அவள் முடிச்சுப் போட்டாள், அவன் உருவிக்கொண்டான். கயிற்றையும் கொஞ்சம் தளர விட்டார்கள். கடல் ஏறினால் ஏறி, வடிந்தால் வடிந்து, கயிறு தன்பாட்டுக்கு அசைந்தது.

செங்காலி ஓராவைத் தேடிப் போனாள். "உன்மேல அநியாயமா பழி போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத. உதிர்ந்து விழறதெல்லாம் இனிமே உனக்குத்தான்," என்றாள். ஓராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து கயிற்றுக்கு அதுவே காவல்!

பாசி கிளைவிட்டுக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரு விடியலில் வளையன் உடம்பை முறுக்கி முறுக்கி நெளிந்தான். பை திறந்தது. மிளகுக் கொடியின் நுனி போலச் சின்னஞ்சிறு குஞ்சுகள் புகைபோல் வெளியே வந்தன. நீரோட்டம் அவற்றைத் தள்ளிக்கொண்டு போனது.

ஆனால் பாசி இருந்ததே! ஒவ்வொன்றாக வாலை நீட்டின, சுற்றிக்கொண்டன, நின்றன.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் வழி தவறி, செங்காலியின் திறந்த கொடுக்கில் வாலைச் சுற்றிக்கொண்டது. அலை இழுத்துப் போய்விடுமோ? மூடிப் பிடித்துக்கொள்ளலாமா?

அவள் மூடவில்லை. நீரோட்டம் தணியும்வரை கொடுக்கைத் திறந்தபடியே, ஆடாமல் அசையாமல் நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கடலுக்குள் அது யாருக்குத் தெரியப்போகிறது?

குழந்தைகளே, பிரியமானவர்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் வளர இடம் விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.