அட்டைக்கு எலும்பு நிமிர்த்திய குரங்கு

ஒரு காட்டில், குழந்தைகளே, வைத்தியம் பார்க்கும் கரடி ஒன்று இருந்தது. கைராசிக்காரக் கரடிதான், ஆனால் வாய் சரியில்லை. யார் போனாலும், "எப்பலேருந்து வலி? என்னத்தைத் தின்னே? நாக்கை நீட்டு" என்று குடைந்தெடுக்கும். பிறகு வேப்பம்பட்டைக் கஷாயத்தை நீட்டி, "குடி, மூஞ்சியைச் சுளிக்காதே" என்று அதட்டும். சில நோய்களுக்கு, "இது எனக்குப் பிடிபடலை, பொறுத்துப் பார்க்கலாம்" என்று உண்மையைச் சொல்லிவிடும். அதைத்தான் அந்தக் காட்டு விலங்குகளால் தாங்க முடியவில்லை.

இந்தச் சமயம் பார்த்து ஒரு குரங்கு ஆற்றங்கரைப் பாறையில் கடை விரித்தது.

"எல்லா நோயும் முதுகெலும்புலதான் இருக்கு!" என்று அது கூவியது. "தலைவலியா? முதுகெலும்பு. வயித்துப்போக்கா? முதுகெலும்பு. மாமியார் தொல்லையா? அதுவும் முதுகெலும்புதான்! கஷாயம் கிடையாது, பத்தியம் கிடையாது. ஒரே அமுக்கு, 'மடக்'குன்னு ஒரு சத்தம். சத்தம் வந்தா நோய் போச்சு!"

பல்வலியோடு இருந்த யானைதான் முதலில் போனது. குரங்கு அதன் முதுகில் ஏறி நின்று அமுக்கியது. 'மடக்!' என்று சத்தம் கேட்டது.

"பல்லு எப்படி இருக்கு அண்ணே?" என்று முயல் கேட்டது.

"வலிக்குதுதான். ஆனா என்ன ஒரு சத்தம்! நாற்பது வருஷமா எனக்குள்ளே இப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாதுப்பா" என்றது யானை.

அவ்வளவுதான். காடே பாறையடியில் வரிசை கட்டிவிட்டது. கரடியின் குகை வாசலில் புல் முளைத்தது.

ஒருநாள் அந்த வரிசையில் ஒரு தாய்மான் வந்து நின்றது. அதன் குட்டிக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. தனியே நிற்க முடியாமல் தாயின் மேல் சாய்ந்திருந்தது. மூன்று கால்களைத்தான் ஊன்றியது, நான்காவதைத் தொங்கவிட்டிருந்தது. முந்தின கார்காலத்தில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த தாய் அது. இதுவும் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அதற்குத் தெரியும்.

வரிசையில் தாய்மானுக்கு முன்னால் நின்றது ஓர் அட்டை. யாருடைய இரத்தத்தையோ அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, வயிறு உப்பிப்போய் வந்திருந்தது.

"முதுகெலும்பு பிசகியிருக்கு" என்றது குரங்கு, அதைப் பார்த்த மாத்திரத்தில். பாறையில் கிடத்தி ஒரு விரலால் அமுக்கியது. 'மடக்!'

"ஆகா!" என்றது கூட்டம்.

தாய்மான் மட்டும் திகைத்துப் போனது. மழைக்காலத்தில் காலில் ஏறிய எத்தனையோ அட்டைகளைக் குளம்பால் நசுக்கிய மான் அது. ஒன்றிலாவது எலும்பு தட்டுப்பட்டதில்லை.

"வைத்தியரே, அட்டைக்கு ஏதுங்க எலும்பு?" என்று அது கேட்டது.

"சத்தம் கேட்டுச்சா இல்லையா?" என்று சீறியது குரங்கு. "எலும்பு இல்லாம சத்தம் எங்கேருந்து வரும்?"

"பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே" என்று யானை மானை அதட்டியது.

கோபத்தில் குரங்கு துள்ளி எழுந்தது. அதன் கால் விரல்களுக்கு இடையிலிருந்து, ஒடிந்த மூங்கில் குச்சிகள் பாறையில் சிதறி விழுந்தன. கையால் அமுக்கும்போதெல்லாம் பின்னங்காலால் அது ஒரு குச்சியை ஒடித்து வந்திருக்கிறது!

கூட்டம் குச்சிகளை உற்றுப் பார்த்தது. குரங்குக்கும் ஒரு கணம் வியர்த்துவிட்டது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"பார்த்தீங்களா? உங்க நோயெல்லாம் குச்சியா வெளியே வந்து விழுது!"

"அடேயப்பா, இவ்வளவு நோயா நமக்குள்ளே இருந்துச்சு!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. யானை ஒரு குச்சியை எடுத்து, "இது என் பல்வலிதான்" என்று தும்பிக்கையில் பத்திரப்படுத்திக்கொண்டது.

தாய்மான் வரிசையை விட்டு விலகியது. குட்டியைத் தள்ளிக்கொண்டு நேரே கரடியின் குகைக்கு ஓடியது.

"இத்தனை நாள் எங்கே போயிருந்தே?" என்று கரடி எரிந்து விழுந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தொங்கிய காலைத் தூக்கிப் பார்த்தது. குளம்பின் பிளவில் முள் ஏறிச் சீழ் கோத்திருந்தது. கீறி, முள்ளைப் பிடுங்கி, சீழை வடித்து, கஷாயத்தைப் புகட்டியது. குட்டி அலறியது. தாய் அழுதது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றது கரடி.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. குட்டி நான்கு கால்களையும் ஊன்றி நடந்தது. தாய்மான் சந்தோஷம் தாங்காமல் அதைத் தண்ணீர் குடிக்க ஆற்றுக்குக் கூட்டிப் போனது.

பாறைமேலிருந்து குரங்கு அவர்களைப் பார்த்துவிட்டது.

"அதோ பாருங்க! அன்னிக்குச் செத்துக்கிட்டிருந்த குட்டி!" என்று கத்தியது. "என் கை கூடப் படலை. என் வரிசையில வந்து நின்னதுக்கே பிழைச்சிருச்சு!"

கைதட்டல் வானைப் பிளந்தது. வரிசை இன்னும் நீண்டது.

அந்த நேரம் ஒரு காட்டுப்பன்றி, நொண்டும் குட்டியோடு கரடியின் குகைக்குப் போய்க்கொண்டிருந்தது. கைதட்டலைக் கேட்டதும் திரும்பி வந்து வரிசையில் நின்றது.

"ஐயோ, இங்கே நிக்காதே! கால்ல முள் இருக்கும், கரடிகிட்டே கொண்டு போ!" என்று தாய்மான் கெஞ்சியது.

"உன் குட்டி மட்டும் பிழைக்கணும், என் குட்டி பிழைக்கக் கூடாதா?" என்று முறைத்தது பன்றி.

'மடக்!'

எல்லோரும் கைதட்டினார்கள். பன்றிக்குட்டி பாறையிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கியது.

நீதி: நோய் போனதா என்று பார்க்காமல் சத்தம் வந்ததா என்று கேட்பவர்கள் இருக்கும்வரை, போலி வைத்தியனுக்குக் குச்சி தீர்ந்தாலும் கூட்டம் தீராது.