தகரத்தைவிடக் கனமான பானெட்

"எடை ஏன் குறையவே மாட்டேங்குது, சொல்லு!"

கோகிலவாணி தூக்கி வந்த கார்பன் ஃபைபர் கார் பானெட்டை மெஹரின் மொட்டைமாடியில் தொப்பென்று போட்டாள்.

மெஹர் கல்லூரியில் அவளுக்கு ஒரு வகுப்பு இளையவள். ஆனால் பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரை வைத்துக் காற்றை உறிஞ்சி, கார்பன் ஃபைபர் துணியை ரெசின் பசையில் இறுக்கி, தகரத்தைவிட லேசான பாகங்களை வீட்டிலேயே குறைந்த செலவில் செய்யக் கற்க வேண்டுமென்றால், கோவையில் அந்த மாடிக்குத்தான் எல்லோரும் ஏறியாக வேண்டும்.

"பழைய தகர பானெட் எங்கக்கா?"

"கீழ ஆட்டோவுல இருக்கு."

அதுவும் மேலே வந்தது. மெஹர் இரண்டையும் கொக்கித் தராசில் மாற்றி மாற்றி மாட்டினாள்.

"தகரம்தான் லேசு."

"உன் தராசு தப்பு."

மெஹர் உள்ளே போய் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். முள் ஒன்றில் நின்றது.

"சர்க்கரைக்காரனும் தப்பாக்கா?"

'பாக்கெட்டில் குறைத்துப் போட்டிருந்தால்?' என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கோகிலா அடக்கிக்கொண்டாள். வாதாடுகிற நேரமில்லை.

மலைப்பாதைக் கார்ப் பந்தயம் நெருங்கிவிட்டது. கல்லூரி அணியின் காரை ஓட்ட வேண்டிய சுகிர்தா அணியைவிட்டே போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவள். இந்த பானெட்டால் வந்த சண்டையில் கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தவள், போனையும் எடுப்பதில்லை. பானெட்டை லேசாக்கிக் கொண்டுபோய்க் காட்டினால் வந்துவிடுவாள் என்று கோகிலா நம்பினாள்.

மெஹர் ரம்பத்தை எடுத்தாள்.

"ஏய், ஏய்!"

அதற்குள் ஓரத்தில் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. அதன் வெட்டிய பக்கத்தைத் தண்ணீர்விட்டுத் தேய்த்து வெயிலில் பிடித்தாள். அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"இந்த அடுக்கு எதுக்கு?"

"வேகமாப் போனா காத்துல துடிக்கும்னு புரொஃபசர் சொன்னார். அதுக்கு நான் குடுத்த பதில் இது."

"இது?"

"கல்லு பட்டா பொத்துக்கும்னு சீனியர் பசங்க கிண்டல் பண்ணானுங்க. ஒரே அடுக்குல அவனுங்க வாயை அடைச்சிட்டேன்."

"இங்க துணியே இல்லையே. வெறும் ரெசின்."

"கடையில விக்கிறதாட்டம் பளபளன்னு இல்லையாம். ஸ்பான்சர் வீட்டம்மா சொன்னாங்க. நான் விடுவேனா?"

"விடலதான்."

மெஹரின் நகம் இன்னொரு கோட்டுக்கு நகர்ந்தது. கோகிலா ஒவ்வொரு அடுக்குக்கும் காரணமான ஆளைச் சொன்னாள், அவர்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே சொன்னாள், தான் மடக்கியதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறியது.

எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லியதாக ஒரு பகுதி. குமிழே இல்லை. நெசவு ஒரே சீராக இருந்தது. ரெசின் தேவைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

"இதைப் போட்டது நீங்க இல்லை."

"சுகிர்தா. முதல்ல அவதான் செஞ்சா."

"இதோட நிறுத்தியிருக்கலாம்க்கா. பானெட் இங்கயே முடிஞ்சிருச்சு."

கோகிலா அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள்.

"மேல இருக்கறதை உரிச்சிட்டா?"

"ரெசின் இறுகிருச்சு. இனி உரியாது. தேய்க்கலாம். தேய்ச்சா அவங்க போட்டதும் சேர்ந்து போகும்."

"அப்ப புதுசா செய்யணும். ராத்திரி பகலா செஞ்சு அவகிட்ட கொண்டுபோறேன்."

"பானெட்டையா?"

"வேற எதை? அதுக்குத்தானே கோவிச்சுக்கிட்டா?"

மெஹர் ரம்பத்தைத் துடைத்து வைத்தாள்.

"சுகிர்தாக்கா சாவியை வெச்சுட்டுப் போனாங்களாமே, அப்ப என்னக்கா சொன்னாங்க?"

கோகிலா வாயைத் திறந்தாள்.

சுகிர்தாவின் முகம் நினைவில் வந்தது. அவள் உதடு அசைந்ததும் வந்தது. அவள் சொன்னது மட்டும் வரவில்லை.



"நான் பதிலுக்குச் சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு, மெஹர்."