எல்லையில் நின்ற வடிகால்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. சிற்றரசர்கள் நாடாண்ட காலத்தில், கடலுக்கு ஒரு காதம் மேற்கே பெரிய சதுப்பு ஒன்று இருந்தது. அதன் மேட்டில் மேலக்கோரை, பள்ளத்தில் கீழக்கோரை என்று இரண்டு ஊர்கள்.

மேலக்கோரைக்குத் தலைவன் இளநாகன். ஐப்பசி மழை பிடித்தால் அவன் ஊர் வயல்களில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும், பயிர் அழுகிப்போகும். பொறுத்துப் பார்த்த இளநாகன் ஊரைக் கூட்டி ஒரு வடிகால் வெட்டினான். ஊர் எல்லை வந்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டான். அந்த வருஷம் மேலக்கோரையில் களமெல்லாம் நெல்.

வடிகால் வெட்டியபின் பெய்த முதல் மழைக்கே கீழக்கோரையார் வந்தார்கள். "ஐயா, உங்கள் தண்ணீர் முழுக்க எங்கள் வயலில் நிற்கிறது" என்றார்கள்.

"எல்லைக்கு அப்பால் உங்கள் பாடு" என்றான் இளநாகன்.

இரண்டாம் மழைக்கும் வந்தார்கள். "வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது ஐயா" என்றார்கள். அதே பதிலைச் சொன்னான்.

மூன்றாம் மழைக்கு யாரும் வரவில்லை.

அதுதான் அவனை உறுத்தியது. யாரிடமும் சொல்லாமல் ஒரு தோணியில் ஏறிக் கீழக்கோரைக்குப் போனான்.

ஊர் இருந்த இடத்தில் கூரைகள் மட்டுமே தெரிந்தன. மூங்கில் பரண் ஒன்றில் ஒரு பெண் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெயர் பொன்னரி. வந்தவன் யாரென்றுகூடக் கேட்காமல் ஒரு கலயம் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஊர்க்காரர்கள் எங்கே அம்மா?"

"பிழைக்கப் போய்விட்டார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் இந்தத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவர்களை விட்டுவிட்டு நான் எங்கே போக?"

அவளுக்கு அவனைத் தெரியாது; வாய் திறக்காமல் திரும்பியிருக்கலாம். ஆனால் கலயத்தைக் கீழே வைத்தான்.

"அம்மா, மேலக்கோரை இளநாகன் நான்தான். வடிகாலை வெட்டியவனும் நான்தான், எல்லையோடு நிறுத்தியவனும் நான்தான்."

பொன்னரி அடுப்பு விறகை இழுத்து அணைத்தாள். பிறகு, "என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கடல் வரைக்கும் வெட்டு" என்றாள்.

இளநாகன் ஊர் திரும்பி, வடிகாலைக் கடல் வரைக்கும் வெட்டவேண்டும் என்று சொன்னான். ஊர் சிரித்தது. "நம் வயலில்தான் தண்ணீர் வடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வெட்டுகிறீர்?" என்று கேட்டது.

முதல் கோடையில் தனியாக வெட்டினான். உள்ளங்கை கிழிந்தது. இரண்டாம் கோடையில், கேள்விப்பட்டுத் திரும்பிய கீழக்கோரையார் சிலர் கூட நின்றார்கள். மூன்றாம் கோடையில் மேலக்கோரையே தலைகுனிந்து வந்து சேர்ந்தது. கடலுக்கு முன்னால் மணல்மேடு மறித்தது. வடிகாலைத் தெற்கே வளைத்துக் கழிமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் எங்கும் நிற்காமல் கடலுக்கு ஓடியது.

இளநாகன் பரணுக்குக் கீழே போய் நின்றான். பொன்னரி இறங்கி வந்து ஈரமண்ணில் கால் வைத்தாள். அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, மழையில் சரிந்திருந்த கரை மண்ணை அள்ளி மேலே போட்டாள். அவனும் பக்கத்தில் குனிந்து கையால் அள்ளிப் போட்டான்.

நம் துன்பத்தை அடுத்தவர் வாசலில் இறக்கி வைப்பது அதைத் தீர்த்ததாக ஆகாது.