முந்நூறு பெயர்களுக்கு நான்கு கேள்வி

"டீச்சர், டெஸ்ட் பாஸ் ஆகுது. ஆனா வேலைதான் நகர மாட்டேங்குது."

சொன்னவர் தைரியநாதன். ஐம்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுதவும், அது சரியா என்று சோதிக்கும் 'டெஸ்ட்' எழுதவும் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு இருபத்தொன்பது.

மண்சரிவில் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். உறவினர்கள் தேடிப் பார்க்கும் இணையதளத்தில் இவர்கள் பெயர்களை மொத்தமாக ஏற்றும் கட்டளை நிரலைத் தைரியநாதன்தான் எழுதியிருந்தார். காலையில் ஓடத் தொடங்கியது, இன்னும் பாதி தாண்டவில்லை.

நிவாரண அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதற்குள்ளிருந்து நடந்து வருவதுபோல் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மேலேறின.

"ஒரு பெயரை ஏத்த, டேட்டாபேஸை எத்தனை தடவை கேக்குது அண்ணா?"

"நாலு. டெஸ்ட்லயே எண்ணியிருக்கேன். நாலைத் தாண்டினா ஃபெயில்."

ஒரே பெயரை வைத்து எழுதியிருந்த அந்த டெஸ்டில் பர்வீன் இன்னொரு பெயரைச் சேர்த்து ஓட்டினாள்.

எட்டு.

இன்னும் ஒன்று.

பன்னிரண்டு.

எழுந்து தேநீர் போடப் போய்விட்டாள்.

தைரியநாதன் கட்டளையை நிறுத்தினார். ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டதை, எல்லோருக்குமாக ஒரே தடவையில் கேட்கும்படி மாற்றினார். டெஸ்டுக்கு ஒரு முகாமின் முந்நூறு பெயர்களையும் கொடுத்தார்.

"டீச்சர்! ஒருத்தருக்கும் நாலு. முந்நூறு பேருக்கும் நாலு!"

"பூஜ்யமாக்க முடியுமா அண்ணா?" தேநீரோடு வந்த பர்வீன் கேட்டாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தைரியநாதன் திரைக்குத் திரும்பி டெஸ்டை மறுபடி படித்தார். பூஜ்யம். யாரையுமே ஏற்றாவிட்டால் பூஜ்யம்.

கேள்விகளை மட்டுமே எண்ணும் இந்த டெஸ்ட் அப்போதும் பாஸ் ஆகும்.

எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஒரு வரியை டெஸ்டின் கடைசியில் சேர்த்து ஓட்டினார்.

ஃபெயில். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொருவராகத் தேடினார். ஒரே முகாமில் இரண்டு பேச்சியம்மா. ஒருத்திக்கு ஆறு வயது, இன்னொருத்திக்கு அறுபத்திரண்டு. பெயரை மட்டும் பார்த்து, அவருடைய நிரல் இருவரையும் ஒருத்தியாக்கியிருந்தது.

திருத்தினார். முந்நூறு. கேள்வி அதே நான்கு.

ஒன்பதாயிரம் பெயர்களும் ஏறி முடிந்தபோது பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. வாசலில், தலை நனைந்த ஒரு மனிதர் தயங்கி நின்றார்.

"சார், பேச்சியம்மான்னு ஒரு பேரு இருக்கா?"

தைரியநாதன் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எந்தப் பேச்சியம்மா?"