முத்திருளியின் பங்கு

"எதை வாங்கட்டும்மா? ஒண்ணைச் சொல்லிருங்க."

தனுஷ்கோடி இரண்டு கணக்கு நோட்டுப் புத்தகங்களைத் தரையில் வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்திருந்த மீனலோசனி அம்மாவுக்கு முப்பத்தொன்பது. ஒன்பது வருடம் சென்னையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் விட்டுவிட்டு, சிறுமலைக்கு வந்து தியான வீடு ஒன்றை நடத்துகிறவர். தனுஷ்கோடி அங்கே மாதம் ஒருமுறை வந்து கண்ணை மூடி உட்காருவார். ஆறு மாதமாக மூடிய கண்ணுக்குள் தெரிவதெல்லாம் பைசாக் கணக்குதான்.

"யாருக்கு வாங்கறீங்க?"

"என் தங்கச்சி முத்திருளிக்கு."

முத்திருளிக்கு நாற்பத்து நான்கு வயது. சின்ன வயதிலிருந்தே எழுத்து ஏறவில்லை, கணக்கு ஏறவில்லை. சோறு வடிப்பாள். ஆடு பார்ப்பாள். யார் அழுதாலும் கூட அழுவாள். அப்பாவின் நிலம் நான்குவழிச் சாலைக்குப் போனதில் அவள் பங்காக வந்தது பத்தொன்பது லட்சம். அண்ணனுக்குப் பின்னால் அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

"பணம் இப்ப எங்க இருக்கு?"

"பேங்க்ல, சும்மாதான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

அம்மா நோட்டைப் புரட்டினார்.

"பேங்க்ல ஒரு தம்பி ஒரு ஃபண்டைக் காட்டினாரும்மா. நூறு ரூபாய்க்கு வருஷம் ஒண்ணே முக்கால் ரூபா எடுத்துக்குவாங்களாம். வேணாம்னு வந்துட்டேன். இண்டெக்ஸ் ஃபண்டுன்னா நாட்டுல பெரிய அம்பது கம்பெனிப் பங்கையும் அப்படியே வாங்கி வச்சுருவாங்க. ஆராய்ச்சி பண்றவனுக்குச் சம்பளம் கிடையாது. செலவு இருபது பைசாதான்."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் வாரத்துலயே."

"அப்புறம்?"

"அதுலயே முப்பது இருக்கும்மா. கழிச்சுக் கழிச்சு ரெண்டுல கொண்டாந்து நிறுத்தினேன். ஒண்ணு பதினெட்டு பைசா, ஒண்ணு இருபது. பதினெட்டுதான்னு முடிவு பண்ணி எந்திரிச்சேன். போன மாசம் பதினெட்டை இருபதாக்கிட்டான். இருபதுக்காரன் பதினெட்டாக்கிட்டான். திரும்ப முதல்ல இருந்து பாக்கறேன்."

"ரெண்டுலயும் உள்ள இருக்கிறது?"

"அதே அம்பது கம்பெனிதான்."

அம்மா நோட்டை மூடினார்.

"திங்கக்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க ஐயா."

"அவளுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"பரவால்ல."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தனுஷ்கோடிக்குத் தலை சுற்றியது. கேட்டது ஒன்று. கிடைத்தது வேறு. அவர் நோட்டைத் திறந்து மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

*

திங்கட்கிழமை முத்திருளி பச்சைச் சேலை கட்டி வந்தாள். பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். மீனலோசனி அம்மா அவளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் அம்மா தனுஷ்கோடி பக்கம் திரும்பினார்.

"ஐயா, அந்த ரெண்டு ஃபண்டு பேரையும் தனித்தனிச் சீட்டுல எழுதுங்க."

எழுதினார்.

அம்மா சீட்டுகளை முத்திருளி முன்னால் வைத்தார்.

"ஒண்ணு எடு தாயி."

முத்திருளி சட்டென்று ஒன்றை எடுத்தாள். எடுத்ததை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"முடிஞ்சுது" என்றார் அம்மா.

தனுஷ்கோடி குறுக்கிட்டார். "அம்மா, அவளுக்கு எழுத்துத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே ஐயா. ரெண்டு வருஷம் நாலு மாசமாப் படிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

விளையாடுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அடுத்த நோட்டை எடுத்தார்.

"சரிம்மா. அதை வாங்கறதுக்கு ஒரு கணக்கு தொடங்கணுமே, எங்க தொடங்கறது? ஒரு கம்பெனி போன்லயே தொடங்கித் தர்றான். வருஷச் சந்தா கிடையாது. இன்னொருத்தனுக்குத் திண்டுக்கல்ல ஆபீஸ் இருக்கு. வருஷம் முந்நூறு ரூபா. ஃபண்டு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். முந்நூறை முப்பது வருஷத்துக்குப் பெருக்கி, அதுக்கு வட்டியும் போட்டா..."

"ரெண்டு பேர் நம்பரும் இருக்கா?"

"இருக்கு."

"போனைக் குடுங்க."

அம்மா முதல் எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, முத்திருளி கையில் கொடுத்தார்.

"அண்ணன் இல்லைன்னு வச்சுக்க தாயி. உனக்குக் காசு வேணும். பேசு."

தனுஷ்கோடி நிமிர்ந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

போனில் இசை வந்தது. பிறகு குரல்.

"தமிழில் தொடர இரண்டை அழுத்தவும்."

"சரி" என்றாள் முத்திருளி.

"பதிவு செய்த எண்ணை உள்ளிடவும்."

"சரி."

"நீங்கள் எதையும் உள்ளிடவில்லை. அழைத்ததற்கு நன்றி."

"சரி சரி."

இணைப்பு அறுந்தது. முத்திருளி போனை நீட்டினாள். "நல்லாப் பேசுச்சு" என்றாள்.

அம்மா இரண்டாவது எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

நான்கு முறை மணி அடித்தது. ஐந்தாவதில் ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க."

முத்திருளி அண்ணனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கண்ணன் செத்துப்போச்சு" என்றாள்.

தனுஷ்கோடி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

போனில் அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது.

"எப்பக்கா?"

முத்திருளியின் உதடு கோணியது. அழ ஆரம்பித்தாள். 'இல்லைன்னு வச்சுக்க' என்று அம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் அண்ணனுக்காக அழுதாள்.

"அழாதீங்கக்கா. எந்த ஊரு நீங்க?"

"சின்னாளபட்டி."

"கூட யாரு இருக்கா?"

"ஆடு இருக்கு."

"சரிக்கா. பேப்பர் எதையும் தேடிக்கிட்டு இருக்காதீங்க. அண்ணன் பேரு மட்டும் சொன்னாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இறங்கி யார் போன்லயாவது இதே நம்பருக்குப் பேசுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். சாப்பிட்டீங்களாக்கா?"

முத்திருளி சேலையால் மூக்கைத் துடைத்தாள். "சாறு குடிச்சேன்" என்றாள்.

மீனலோசனி அம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கி தனுஷ்கோடியிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணு பதறிப்போயிருக்கும். சொல்லுங்க ஐயா."

தனுஷ்கோடி இரண்டு கையாலும் போனை வாங்கினார்.

"மன்னிச்சுக்கம்மா. அண்ணன்தான் பேசறேன். இருக்கேன்."

"சார்?"

"கணக்கு ஒண்ணு தொடங்கணும். அதுக்கு முன்னாடி உன் பேரைச் சொல்லும்மா. என் தங்கச்சி மனப்பாடம் பண்ணிக்கட்டும்."