தேவியின் வயிற்றில் குடிபோன தேனீக்கள்

தேனீக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், கடலுக்கு அப்பால் ரோமாபுரியில் வீபியா என்றொரு வார்ப்புக்காரி இருந்தாள். கைவேலை சுத்தம்; வாய்தான் கொஞ்சம் நீளம்.

விளைச்சல் தேவி செரஸுக்கு வெண்கலச் சிலை செய்யும் வேலை அவளுக்கு வந்தது. உள்ளே களிமண், அதன்மேல் மெழுகில் தேவி, அதற்கும் மேல் மண்பூச்சு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றவேண்டும். அவ்வளவு மெழுகுக்கு எங்கே போவது?

அப்போதெல்லாம் தேனீக்கள் திறந்தவெளியில், மரக்கிளையில்தான் கூடு கட்டும். வீபியா ஆலிவ் மரத்தடியில் நின்று ராணித் தேனீயிடம் கேட்டாள்.

"வீட்டையே கேக்குறியே! பனி வந்தா பிள்ளைகளோட நான் எங்க போவேன்?" என்றாள் ராணி.

"உருகி வர்ற மெழுகை ஒரு சொட்டு சிந்தாம பிடிச்சு, பனிக்கு முன்னாடி திருப்பித் தந்துடுறேன் தாயி."

ராணி நம்பிக் கொடுத்துவிட்டாள்.

வார்ப்பு நாளில் வீபியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெண்கலம் கொதிக்கிற பரபரப்பில், அச்சுக்குக் கீழே சட்டி வைக்கவே மறந்துபோனாள். மெழுகு முழுவதையும் மண் குடித்துவிட்டது.

மண்ணை உடைத்ததும் தேவி கையில் கதிரோடு பளபளவென்று நின்றாள். வீபியாவுக்கோ அழுகை முட்டியது. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் ராணி, கூட்டத்தோடு.

"எங்கடி எங்க வீடு?"

வீபியா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பாதிக் கூட்டம், "இனி மனுஷ சகவாசமே வேண்டாம்" என்று தெற்கே பறந்துவிட்டது. ராணியால் பறக்க முடியவில்லை. சின்னஞ்சிறுசுகள் குளிரில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தன.

உள்மண்ணைச் சுரண்டி எடுத்த துளை தேவியின் முதுகில் இருந்தது. அதை அடைக்க வெட்டிய தகடு வீபியாவின் கையில் இருந்தது. அடைக்காவிட்டால் ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று தகட்டை உலையில் எறிந்தாள்.

"உங்க மெழுகு நின்ன இடத்துலதான் இவ நிக்குறா. உள்ளே காலியாத்தான் இருக்கு. போங்க தாயி."

சூடு முழுதாக ஆறாத வெண்கலம் உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. "அடியே, குளிர்காத்தே வரலடி! கிளையில இந்தச் சுகம் ஏது?" என்றது ராணியின் குரல். சுருண்டு கிடந்ததுகளை வீபியா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டாள்.

கோயிலில் தேவியின் வயிறு ரீங்கரித்தபோது யாரும் சிரிக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீபியாவுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

தெற்கே வந்த ரோஷக்காரர்கள்தான், இன்னும் கிளையிலேயே கூடு கட்டும் நம்மூர்க் கொம்புத் தேனீக்கள். மனிதர் கை பட்டால் இன்றைக்கும் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். மற்றவர்களோ, அன்று முதல்தான், பொந்து ஒன்றைக் கண்டால் நமக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று உரிமையோடு உள்ளே போகிறார்கள்.